ஆடி ஆர்எஸ்4: இன்டேக் வால்வில் படியும் கார்பனும் அதைத் தடுக்கும் வழிகளும்

2005-ல் ஆடி நிறுவனம் ஆர்எஸ்4-இன் பி7 தலைமுறையை வெளியிட்டபோது பேச்செல்லாம் அதன் இன்ஜினைப் பற்றித்தான். 4163 சிசி வி8, டர்போ கிடையாது, 7800 ஆர்பிஎம்மில் 420 குதிரைத்திறன், சிவப்புக் கோடு (இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச வேகம்) 8250-ல். நாலு கதவும் பெரிய டிக்கியும் உள்ள ஒரு குடும்பக் கார், டர்போ உதவியே இல்லாமல் லிட்டருக்கு 100 குதிரைத்திறனைத் தாண்டியது அப்போது சின்ன விஷயம் இல்லை. 6 கியர் மேனுவல் மட்டும்தான் கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றவர்கள் வேறு கார் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2007-ல் விற்பனைக்கு வந்த முதல் ஆர்8 ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்ததும் கிட்டத்தட்ட இதே இன்ஜின்தான்.

சில ஆண்டுகள் ஓடிய பிறகு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆர்எஸ்4 வைத்திருந்தவர்கள் காரை டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் ஓட்டி பவரை அளக்கும் கருவி) ஏற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வந்த எண்கள் எதிர்பார்த்ததைவிடப் பல பத்துக் குதிரைத்திறன் குறைவு. டைனோ சக்கரத்தில் அளக்கிறது, கிராங்க்கில் அல்ல. கியர்பாக்ஸிலும், நாலு சக்கரத்துக்கும் சக்தி தரும் குவாட்ரோ டிரைவிலும் போகும் இழப்பைக் கழிக்க வேண்டும். ஒரு டைனோவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வரும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் கணக்கு உதைத்தது. கூடவே வேறு புகார்களும் வந்தன. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகள் இன்ஜின் நடுங்குகிறது, சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கம்ப்யூட்டர் மிஸ்ஃபயர் பிழைக்குறி காட்டுகிறது, நின்ற இடத்தில் ஐடிலிங் ஒரே சீராக இல்லை.

பவர் குறைந்தது ஓட்டியவர்கள் பலருக்குத் தெரியவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் துளித்துளியாகக் குறைவது காதுக்கும் காலுக்கும் பழகிவிடும். 5000 ஆர்பிஎம் வரை கார் நன்றாகவே போகும். அதற்கு மேலேதான் பழைய இழுவை இருக்காது. அந்த உயரத்துக்குத் தினமும் யார் போகிறார்கள்?

மேனிஃபோல்டைக் கழற்றினால்

இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) எடுத்துவிட்டு, வால்வுக்குப் போகும் காற்றுவழியான போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் விஷயம் புரிந்துவிடும். புது வால்வில் தண்டு மெல்லியதாக இறங்கி, தலைப்பக்கம் வழுவழுப்பாக விரியும். காற்று சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகத்தான் அந்த வளைவு. 50,000, 60,000 கிலோமீட்டர் ஓடிய ஆர்எஸ்4-இல் அந்த வளைவையே பார்க்க முடியாது. தண்டைச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் கருப்புக் கட்டி. மேல்படலம் விரலில் ஒட்டும் ஈரப்பிசுக்கு. அதற்கு அடியில் கெட்டிப்பட்ட கரி. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினால் செதில் செதிலாகப் பெயரும். போர்ட்டின் சுவரிலும் ஒரு பூச்சு. ஒரே இன்ஜினில்கூட எட்டு சிலிண்டரும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் லேசாகவும் பக்கத்தில் உள்ளதில் கனமாகவும் இருக்கும்.

வருடக்கணக்கில் துடைக்காத சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றியவர்களுக்கு இது உருவாகும் விதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய்ப் புகை, கூடவே கொஞ்சம் தூசு, மேலே சூடு, இவ்வளவுதான் சமாச்சாரம்.

இன்ஜினுக்குள் எண்ணெய்ப் புகை வரும் வழி எது? பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி ரிங்கைத் தாண்டி, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அங்கே கொதித்துத் தெறிக்கும் ஆயிலின் நுண்துளிகளோடு அது கலந்துவிடும். அந்த ஆவியை வெளியே விட மாசுச் சட்டம் அனுமதிப்பதில்லை; பிசிவி வால்வு வழியாக மறுபடியும் இன்டேக்குக்கே அனுப்பி எரிக்க வேண்டும். நடுவில் ஆயிலைப் பிரிக்க ஒரு செப்பரேட்டர் இருக்கிறது. பெரிய துளிகளை அது பிடித்துவிடும், மிக நுண்ணியவை தப்பிவிடும்.

இரண்டாவது வழி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். இந்த வி8-ல் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு பக்கக் கேமின் நேரத்தையும் ஓடும்போதே மாற்றலாம். இரண்டு வால்வுகளும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கும்படி வைத்தால், எரிந்த வாயுவில் கொஞ்சம் பின்வாங்கி இன்டேக் போர்ட்டுக்குள் வரும். மாசு குறைய இது உதவுகிறது, அதனால் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆனால் அந்த வாயுவோடு புகைக்கரியும் வருகிறது. ஆயில் பிசின் ஆகிறது என்றால் இந்தக் கரி அதில் சேரும் தூசு. வால்வுத் தண்டின் சீல் வழியாக உயவுக்காக இறங்கும் துளி ஆயில் மூன்றாவது வழி. பங்கு சிறியது.

சரி, இந்த மூன்றும் பழைய இன்ஜின்களிலும் இருந்தவைதானே? இருந்தன. ஆனால் பழைய முறையில் இன்ஜெக்டர் போர்ட்டுக்குள் உட்கார்ந்து, சூடான இன்டேக் வால்வின் முதுகின்மேலேயே பெட்ரோலைப் பீய்ச்சும். பெட்ரோலே ஒரு நல்ல கரைப்பான். அதில் கழுவும் ரசாயனமும் சேர்த்தே விற்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வால்வு குளித்துக்கொண்டே இருந்தது. ஆர்எஸ்4-இல் ஆடி எஃப்எஸ்ஐ என்று சொல்லும் நேரடி இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் போகிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டுகூட விழுவதில்லை. அழுக்கு வரும் வழி அப்படியே இருக்க, கழுவும் தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஏன் வலி அதிகம்

ஒரு சின்னக் கணக்கு. 4163 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 7800 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 16,200 லிட்டர். எடையில் பார்த்தால் விநாடிக்கு 325 கிராம் பக்கம். பெட்ரோல் இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு விநாடிக்கு சுமார் 0.8 கிராம் காற்று வேண்டும் என்று ட்யூனர்கள் மனக்கணக்கு வைத்திருப்பார்கள். 420-க்கு 336 கிராம் வருகிறது. அதாவது ஆடி சொன்ன எண்ணைத் தொட, இந்த இன்ஜின் தன் சிலிண்டர்களை முழுசாக, அதற்கும் ஒரு படி மேலாகவே நிரப்பியாக வேண்டும். சலுகைக்கு இடமே இல்லை. 16 இன்டேக் வால்வுகளின் முதுகிலும் மேடு தட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டர்போ இன்ஜின் என்றால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாக பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கொடுத்து ஈடுகட்டிவிடும். 2006-ல் வந்த பிஎம்டபிள்யூ 335ஐ காரின் என்54 இரட்டை டர்போ இன்ஜினிலும் இதே மாதிரி படிவு வந்தது. அங்கே முதலில் தெரிந்தது பெரும்பாலும் நடுக்கமும் மிஸ்ஃபயரும்தான். ஆர்எஸ்4-க்கு ஈடுகட்ட எதுவும் இல்லை. காற்று குறைந்தால் பவர் குறையும். அதோடு சிலிண்டருக்கு சிலிண்டர் காற்றின் அளவும் சுழற்சியும் வேறுபடும்போது ஏதாவது ஒன்றில் நாக்கிங் (பெட்ரோல் முறை தவறி வெடிப்பது) வரும். கம்ப்யூட்டர் இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளும். இன்னும் கொஞ்சம் பவர் போகும்.

இன்னொரு துணைக்கதையும் உண்டு. மேனிஃபோல்டுக்குள் குறைந்த வேகத்தில் காற்றைச் சுழற்றிவிட வரிசையாகத் தட்டிகள் இருக்கின்றன. படிவு அவற்றிலும் ஏறி, திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். சில கார்களில் பவர் குறைந்ததற்கு வால்வு பாதி, இந்தத் தட்டி பாதி என்று இரண்டும் சேர்ந்தே காரணமாக இருந்திருக்கின்றன. வால்வை மட்டும் சுத்தம் செய்துவிட்டு "பவர் வரலையே" என்று தலையைச் சொறிந்தவர்கள் தட்டியைப் பார்க்க மறந்தவர்கள்.

ஆடிக்குத் தெரியாதா?

நேரடி இன்ஜெக்‌ஷனை ஆடி சும்மா கொண்டுவரவில்லை. சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது, நாக்கிங் குறைகிறது, அதனால் கம்ப்ரஷனை ஏற்ற முடிகிறது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2001-ல் ஜெயித்த ஆடி ஆர்8 பந்தயக் காரில் (மேலே சொன்ன 2007-ன் சாலைக் கார் அல்ல) எஃப்எஸ்ஐ இருந்தது. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பந்தய இன்ஜின் வாழ்நாள் முழுக்க முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடுகிறது, பந்தயம் முடிந்ததும் பிரித்து மேயப்படுகிறது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, இன்ஜின் சூடேறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பும் வாழ்க்கை அதற்குக் கிடையாது. மெதுவாக வரும் நோயைக் கண்டுபிடிக்க லெ மான் சரியான இடம் இல்லை.

சாலைக் காரில் இது வரும் என்பது ஆடி அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குத் தெரியாமலும் இல்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் இன்டேக் வால்வுப் படிவைக் குறைக்க, வால்வின்மேல் வினையூக்கிப் பூச்சு கொடுக்கும் யோசனைக்கு ஃபோக்ஸ்வாகன் 2000-களின் முதல் பாதியிலேயே அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறது. அதில் படிவு எப்படி உண்டாகிறது என்ற விளக்கமும் இருக்கிறது. அதற்கு அப்புறம் வந்த கார்தான் இந்த ஆர்எஸ்4. என் பார்வையில் இந்த வழக்கின் கனமான பகுதி இதுதான். வாங்கியவர்களிடம் "இந்த இன்ஜினுக்கு அவ்வப்போது வால்வு சுத்தம் தேவைப்படும்" என்று சர்வீஸ் அட்டவணையில் ஒரு வரி எழுதியிருந்தால் பாதி சண்டை வந்தே இருக்காது.

ஒரே காரில் இரண்டு இன்ஜின்

பெட்ரோல் வால்வில் படாததுதான் காரணம் என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? லெக்சஸ் தெரியாமலேயே ஒரு பரிசோதனை நடத்திக் கொடுத்திருக்கிறது. 2005-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐஎஸ் செடானில் இரண்டு வி6 இன்ஜின்கள். ஐஎஸ்250-ல் 2.5 லிட்டர், நேரடி இன்ஜெக்‌ஷன் மட்டும். ஐஎஸ்350-ல் 3.5 லிட்டர், அதில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், ஒன்று சிலிண்டருக்குள், இன்னொன்று பழைய மாதிரி போர்ட்டில். டொயோட்டா இதற்கு டி-4எஸ் என்று பெயர் வைத்தது. ஒரே கம்பெனி, ஒரே கார், ஒரே காலம்.

ஐஎஸ்250 பற்றி நடுங்கும் ஐடிலிங், கார்பன் படிவு என்று புகார்கள் குவிந்தன. லெக்சஸ் அதற்கென்று டீலர்களுக்கு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பியது. சில கார்களில் பிஸ்டன் வரை மாற்றினார்கள். ஐஎஸ்350-க்கு இந்தப் பிரச்சினை அந்த அளவில் எழவே இல்லை. 2012-ல் டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஜோடிக் கார்களிலும் டி-4எஸ்ஸைப் போட்டார்கள். 2 லிட்டர், டர்போ இல்லை, 200 குதிரைத்திறன். ஆர்எஸ்4 மாதிரியே லிட்டருக்கு 100 என்ற கணக்குதான். வால்வு மட்டும் குளித்துக்கொண்டே இருக்கிறது.

வேலைக்கு ஆகாத வைத்தியங்கள்

முதல் வைத்தியம், "நல்லா மிதிச்சு ஓட்டு, எல்லாம் எரிஞ்சு போயிடும்." ஊர் உலகம் முழுக்க இந்த நம்பிக்கை உண்டு, ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை இத்தாலியன் ட்யூன்-அப் என்பார்கள். எரிகலனுக்குள், பிஸ்டன் தலையில், ஸ்பார்க் பிளக்கில் உள்ள லேசான கரிக்கு இது ஓரளவு உதவும், ஏனென்றால் அங்கே நெருப்பு இருக்கிறது. இன்டேக் வால்வின் முதுகுப் பக்கத்தில் நெருப்பு இல்லை, உள்ளே வரும் குளிர்ந்த காற்றுதான் இருக்கிறது. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி நீண்ட தூரம் ஓட்டினால் புதிதாகப் படியும் வேகம் குறையலாம். ஏற்கெனவே கட்டிப்பட்டது போகாது. வாராவாரம் ட்ராக்கில் ஓடிய ஆர்எஸ்4-களிலும் வால்வு கருப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது, டேங்கில் ஊற்றும் பாட்டில். அதில் உள்ள ரசாயனம் நல்லதாகவே இருக்கலாம். இன்ஜெக்டர் முனையைச் சுத்தமாக வைக்கும். ஆனால் பெட்ரோல் போகாத இடத்துக்குப் பெட்ரோலில் கலந்த மருந்து எப்படிப் போகும்? விலை உயர்ந்த பெட்ரோலுக்கும் இதே பதில்தான்.

மூன்றாவது, நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் இப்போது ஜோராக விற்கும் ஹைட்ரஜன் டீகார்ப் (கார்பன் நீக்கம்). ஒரு பெட்டியிலிருந்து குழாய் எடுத்து இன்டேக்கில் சொருகி அரை மணி நேரம் ஐடிலில் விடுகிறார்கள். வாயு எரிவது சிலிண்டருக்குள். வால்வின் முதுகைத் தாண்டிப் போகும்போது அது சும்மாதான் போகிறது. முன்னும் பின்னும் போரோஸ்கோப்பில் (மெல்லிய குழாய் முனையில் கேமரா உள்ள கருவி) வால்வைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

ஓடும் இன்ஜினின் இன்டேக்கில் அடிக்கும் ஸ்ப்ரே மட்டும் கொஞ்சம் வேறு ரகம். அது வால்வில் நேரடியாகப் படுகிறது. புது இன்ஜினிலோ, இப்போதுதான் சுத்தம் செய்ததிலோ, மேல்படலம் மென்மையாக இருக்கும்போதே தவறாமல் அடித்தால் பயன் உண்டு. கெட்டிப்பட்ட பழைய கட்டியில் அடித்தால், கரைவதற்குப் பதில் துண்டாக உடைந்து உள்ளே போகும் அபாயம் இருக்கிறது. டர்போ கார் என்றால் அந்தத் துண்டு அடுத்துச் சந்திப்பது டர்பைன் இறக்கையை.

படியும் வேகத்தைக் குறைப்பது

முழுசாகத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். அதில் முதல் இடம் ஆயிலுக்கு.

ஆயில் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை நோவாக் சோதனை சொல்லும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, எடை எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஏ3/பி4 தரத்துக்கு 13 சதவீதம்தான் உச்ச வரம்பு. 10-க்குக் கீழே வரும் ஆயில்களும் சந்தையில் இருக்கின்றன. டப்பாவில் இது இருக்காது, கம்பெனி வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் தேட வேண்டும். காரின் கையேடு சொல்லும் தரக்குறியீட்டுக்குள்ளேயே நோவாக் எண் குறைவானதாகப் பார்த்து எடுத்தால் போதும். சாம்பல் குறைவான வகை என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஆயிலின் உலோகச் சேர்க்கைகள் ஆவியாவதில்லை, படிவில்தான் போய்த் தங்கும்.

அடுத்தது மாற்றும் இடைவெளி. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் லாங்லைஃப் முறையில் 30,000 கிலோமீட்டர் வரை ஒரே ஆயிலில் ஓட்டலாம் என்றார்கள். கம்பெனிக் காரை மூன்று வருடம் ஓட்டித் திருப்பிக் கொடுப்பவருக்கு அது சரி. தன் காசில் வாங்கி வைத்திருப்பவர் 10,000-க்குள் மாற்றிவிடுவது நல்லது. குளிர்ந்த இன்ஜினில் குறுகிய தூரம் ஓட்டினால் பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கும், ஆவியும் கூடும். அப்படி ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே மாற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது. கூடுதலாகப் போனது நுரைத்து நேராக இன்டேக்குக்குத்தான் வரும். "கொஞ்சம் தாராளமா ஊத்திடு" என்பது இந்த மாதிரி இன்ஜினுக்குச் செய்யும் கெடுதல்.

பிசிவி வால்வின் உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. அது கிழிந்தால் இன்டேக் தன் உறிஞ்சும் பலத்தோடு கிராங்க்கேஸிலிருந்து ஆயிலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறக்க வழக்கத்துக்கு மேல் பலம் தேவைப்பட்டாலோ, விசில் சத்தம் கேட்டாலோ முதலில் இதைப் பாருங்கள். கார்பனைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பலர் இந்தச் சின்ன பாகத்தை விட்டுவிட்டு நேராகக் கேட்ச் கேனுக்குப் போய்விடுகிறார்கள்.

கேட்ச் கேன் என்பது பிசிவி குழாயின் நடுவில் வைக்கும் டப்பா. ஆவி அதற்குள் குளிர்ந்து ஆயில் கீழே தங்கும். நல்ல தடுப்புத் தகடுகளோடு செய்த கேன் உண்மையிலேயே பிடிக்கிறது, திறந்து ஊற்றும்போது கண்ணால் பார்க்கலாம். ஆனால் அது அடைப்பது முதல் வழியை மட்டும். கேம் நேரத்தால் எக்ஸாஸ்டிலிருந்து திரும்பி வரும் கரியை அது ஒன்றும் செய்யாது. ஆகவே கேன் மாட்டிய காரிலும் வால்வு கருக்கும், மெதுவாக. நிரம்பிய கேனைக் காலி செய்ய மறந்தால் உள்ளதும் போச்சு. குளிர் நாடுகளில் அதில் சேரும் தண்ணீர் உறைந்து குழாய் அடைத்து, கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி, சீல்கள் கசிந்த கதைகளும் உண்டு. மலிவான வெற்று டப்பாவை மாட்டுவதைவிட மாட்டாமல் இருப்பது மேல்.

வால்நட் ஓட்டுத் தூள்

கடைசியில் எல்லா ஆர்எஸ்4-உம் வந்து சேரும் இடம் இதுதான். ஆரம்பத்தில் போர்ட்டில் கரைப்பானை ஊற்றி ஊறவிட்டு, கம்பியாலும் பிரஷ்ஷாலும் சுரண்டினார்கள். இடுப்பு ஒடியும் வேலை. பிறகு வால்நட் ப்ளாஸ்டிங் பரவியது. பிஎம்டபிள்யூ தன் டீலர்களுக்கே இதற்கான கருவியைக் கொடுத்தது. வால்நட் ஓட்டை உடைத்த தூளை அழுத்தக் காற்றில் அடிப்பது. கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. மணலாக இருந்தால் தப்பிய ஒரு துகள்கூட சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். ஓட்டுத் தூள் துளி உள்ளே போனாலும் எரிந்துவிடும்.

வேலை நடக்கும் விதம் இது. மேனிஃபோல்டை எடுத்ததும் எல்லாப் போர்ட்டையும் துணியாலோ டேப்பாலோ மூடிவிட வேண்டும். பிறகு ஒரு சிலிண்டரைத் திறந்து, ஸ்பானரால் கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, அதன் இரண்டு இன்டேக் வால்வுகளும் முழுக்க மூடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் தூள் உள்ளே கொட்டும். போர்ட்டின் வாய்க்குப் பொருந்தும் அடாப்டரை வைத்து, ஒரு பக்கம் ப்ளாஸ்டர் முனை, இன்னொரு பக்கம் வேக்குவம் குழாய். சில விநாடி அடிப்பு, நிறுத்திப் பார்ப்பது, முனையைத் திருப்பி மறுபடி அடிப்பு. முன்பக்கம் பளபளவென்று வந்துவிடும். தண்டின் பின்பக்கம்தான் ஏமாற்றும். வளைந்த முனை இல்லாமல் அங்கே எட்டாது. கண்ணாடியோ போரோஸ்கோப்போ வைத்துப் பார்க்காமல் அடுத்த சிலிண்டருக்குப் போகும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் வேக்குவத்தால் உறிஞ்சி, காற்றால் ஊதி, மூடி, கிராங்க்கை அடுத்த சிலிண்டருக்குச் சுற்ற வேண்டும். எட்டுத் தடவை.

எஃப்எஸ்ஐ இன்ஜின்களில் மேனிஃபோல்டைத் தூக்கும்போது இன்ஜெக்டரும் கூடவே வெளியே வர வாய்ப்பு அதிகம். வந்தால் அதன் டெஃப்லான் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதையே அழுத்தி உட்கார வைத்தால் கம்ப்ரஷன் கசியும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் புதிதுதான் போட வேண்டும். திறந்த கையோடு மேலே சொன்ன தட்டிகளையும் பிசிவி டயஃப்ரத்தையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் இந்த வேலையில் பெரிய செலவு கூலிதான்.

எப்போது செய்வது? கிலோமீட்டர் கணக்கைவிட அளவைப் பார்ப்பது சரி. காற்றின் எடையை அளக்கும் சென்சார் உள்ள காரில், சுத்தம் செய்த உடனே ஒரு நல்ல நாளில் மூன்றாம் கியரில் சிவப்புக் கோடு வரை இழுத்து, உச்சக் காற்றளவைக் கணினியில் பதிந்து வைக்க வேண்டும். பந்தயத் தடத்தில் செய்தால் இன்னும் நிம்மதி. வருடம் ஒரு தடவை, அதே மாதிரி வெப்பநிலையில், அதே சோதனை. எண் பத்து சதவீதம் இறங்கினால் மேனிஃபோல்டைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பத்து என் கணக்கு, கம்பெனி சொன்னது அல்ல. எதையும் அளக்காதவர்களுக்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை போரோஸ்கோப்பில் பார்ப்பது போதும்.

அப்புறம் வந்த கார்கள்

2010-ன் ஆர்எஸ்5-இல் ஆடி இதே 4.2 லிட்டர் வி8-ஐ 450 குதிரைத்திறனுக்கு ஏற்றியது, அந்த உச்ச பவர் 8250 ஆர்பிஎம்மில் வந்தது, இன்ஜெக்‌ஷன் மட்டும் நேரடியாகவே இருந்தது. மாற்றம் வந்தது வி10-இல். 2014-ன் லம்போர்கினி ஹுராகானிலும், 2015-ன் இரண்டாம் தலைமுறை ஆர்8-இலும் நேரடி இன்ஜெக்டரோடு போர்ட் இன்ஜெக்டரும் சேர்ந்தது. ஃபோர்டு 2018 மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8-இல் அதையே செய்தது. இந்தக் கம்பெனிகள் இரண்டாவது இன்ஜெக்டரைச் சேர்த்ததற்கு மாசும் பவரும் காரணம் என்று சொல்வார்கள். அது உண்மைதான், வால்வு சுத்தமாக இருப்பது கூடவே கிடைக்கும் லாபம்.

இந்தியாவில் ஆர்எஸ்4 அரிது. ஆனால் 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ தொடங்கி, இன்றைய விர்டஸ், ஸ்லாவியா, டர்போ ஜிடிஐ போட்ட ஹூண்டாய்கள் வரை சாலையில் ஓடும் சின்ன டர்போ கார்கள் நிறைய நேரடி இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் டர்போ ஈடுகட்டிவிடுவதால் பவர் குறைவது தாமதமாகவே தெரியும். குளிர் ஸ்டார்ட்டில் நடுக்கம்தான் முதல் அடையாளம். பழைய ஸ்விஃப்ட் மாதிரி போர்ட் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை மறந்துவிடலாம், யாராவது அதற்கும் வால்வு டீகார்ப் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பழைய ஆர்எஸ்4 வாங்க நினைப்பவர், கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வால்வு சுத்தம் செய்தார்கள் என்ற பில்லையும், அப்போது எடுத்த படங்களையும் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த வேலையின் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம். காரை முந்தின இரவே நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.